தாழங்குடாவிலிருந்து பரங்கிப்பேட்டை வரை

முதுநகரில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
வாடகை குறைவு. காரணம், தரை நடுங்கும்.
கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம்
டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக ஒரு பதற்றம்.
இங்கே உட்கார்ந்துதான்
சிசிலிக்கு அப்பால், மூன்றரை ஆயிரம் மீட்டர் ஆழத்தில்
தொங்கும் கண்ணாடி உருண்டைகளுக்கு
இரவுக் காவல் இருக்கிறேன்.

தொங்கும் என்பது தப்பு.
அடியில் நங்கூரம், தலையில் மிதவை.
நிற்கின்றன, நீரோட்டத்துக்கு லேசாகச் சாய்ந்து.
உருண்டைக்கு முப்பத்தொரு கண்,
அதில் பாதிக்கு மேல் தரையைப் பார்த்தபடி.
வானத்தைத் தேட
கடலின் அடியை வெறிக்கிற கண்கள்.
பூமியே சல்லடை.
மற்றதெல்லாம் அந்தப் பக்கமே சிக்கிக்கொள்ள
நியூட்ரினோ மட்டும் கீழிருந்து மேலேறி வரும்.

வரும், எப்போதாவது.
மீதி நேரமெல்லாம் உப்பு.
உப்பிலுள்ள பொட்டாசியம் சிதைந்து மினுக்கும்.
பெயர் தெரியாத ஏதோ ஒரு ஜெல்லி
கயிற்றில் இடித்துக்கொண்டு நீலமாகக் கோபிக்கும்.
சோனாங்குப்பத்தில் இதைக் கமர் என்றார் ஒருவர்,
துடுப்பு பட்டால் எரிகிற தண்ணீர்.
என் திரையில் அது ஒரு சிவப்புக் கட்டம்.
சிவந்தால் குறிப்பெழுத வேண்டும்:
‘உயிரொளி அதிகம். கருவியில் கோளாறில்லை.’
ஐந்து வருடத்தில்
என் பெயரைவிட அதிகம் எழுதிய வாக்கியம்.

கீழே பாடலீஸ்வரன் கேட்பார்,
“ஏம்மா, வலையில ஏதாச்சும் பட்டுச்சா?”
“இல்லண்ணே.”
“அதுக்கும் சம்பளம் குடுக்குறானா?”
“குடுக்குறான்.”
“நல்ல மொதலாளி.”

புதன் இரவு, இரண்டு நாற்பத்தொன்று.
ஃபெதெரிகாவின் மெயில் காலையில்தான் வந்தது,
மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
தூண் விட்டுத் தூண் ஒரு கோடு.
தண்ணீருக்குள் ஒளியை முந்திக்கொண்டு ஒரு மியூவான்,
விசைப்படகின் மூக்கில் விரியும் அலையாக
நீலத்தை இருபுறமும் கிழித்துக்கொண்டு.
‘உன் ஷிஃப்ட்தானே? பார்த்தாயா?’

என் ஷிஃப்ட்தான்.
கீபோர்டில் கன்னம் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.
குறிப்பேட்டில் அந்த நிமிடத்துக்கு நேரே
ஒரே எழுத்து, நூற்றுப் பதினாறு தடவை.

வெட்கம் தாளாமல் கணக்கில் இறங்கினேன்.
ஏறி வந்த கோணம் முப்பத்தொரு பாகை.
கோட்டைப் பின்னால் இழுத்தால்
வளைகுடாவுக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் அடியில்,
அப்புறம் அரபிக்கடலுக்கு அடியில்,
செங்கத்துக்கு அடியில்,
பிறகு
பென்சில் நின்றது.
இன்னொரு தடவை போட்டேன். அங்கேயே நின்றது.

தென்கிழக்கு வானத்திலிருந்து சரிந்து
மண்ணுக்குள் நுழைந்த இடம்,
பிழை வட்டத்தோடு சேர்த்துச் சொன்னால்,
தாழங்குடாவிலிருந்து பரங்கிப்பேட்டை வரை.
வட்டத்துக்குள் உப்பனாறு,
சிப்காட்டின் புகைபோக்கிகள்,
சிங்காரத்தோப்பில் கட்டிக்கிடந்த படகுகள்,
வாயைத் திறந்து தூங்கிய நான்.
எத்தனை கோடி வருடம் வந்ததோ,
இங்கிருந்து சிசிலிக்கு இருபத்திரண்டு மில்லி வினாடி.
ஒரு குறட்டைக்குக்கூடப் பத்தாது.

ஃபெதெரிகாவுக்கு எழுதினேன், ‘தூங்கிவிட்டேன். மன்னிக்கவும்.’
வட்டத்தைப் பற்றி எழுதவில்லை.

பாடலீஸ்வரனிடம் மட்டும் சொன்னேன்.
அவர் கொக்கியால் ஒரு பாரை வெளியே இழுத்து
குழல்விளக்குக்கு நேரே நிமிர்த்தினார்.
“புதன்கெழம ராத்திரி ஊத்துனது.
பூந்து போயிருந்தா ஓட்ட தெரியணுமே?”
நடுவில், மேலிருந்து கீழாக
ஒரு வெள்ளை நரம்பு.
“இது எப்பவும் இருக்கும்மா. காத்து.”

தெரியும்.
ஆனாலும் இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.
லோடு ஏற்ற வந்த பையன் ஹாரன் அடித்தான்.
நாற்பது பார். உடைத்துத்தான் வேண்டுமாம்.